துவைத்ததும் நீர்விலக்கம் போகிறதா? அயர்ன் வைத்துப் பாருங்கள்

ஐந்து துவைப்பில் ஸ்ப்ரே ரேட்டிங் (தண்ணீர் தெளித்து நீர்விலக்கத்தை அளக்கும் மதிப்பெண்; 100 சிறந்தது) 90-லிருந்து 50-க்கு இறங்கியதற்காகக் கெமிக்கல் அளவைக் கூட்டாதீர்கள். காட்டனில் போட்ட சி6 ஃபுளோரோகார்பன் (நீர்விலக்கம் தரும் பாலிமர் பூச்சு) பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். தண்ணீரில் ஊறும்போது ஃபுளோரின் சங்கிலிகள் உள்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. சூடு பட்டால்தான் மறுபடி வெளியே நிமிரும்.

துவைத்த துண்டை வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தாலே சொட்டு பரவிவிடும். காய்ந்ததும் பாதியை மட்டும் 150 டிகிரியில் 30 விநாடி அயர்ன் செய்து, இரண்டு பாதியிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அயர்ன் பட்ட பாதியில் சொட்டு மணிபோல நின்று, மற்றதில் தட்டையாகித் துணியின் நிறம் அடர்ந்தால் பாலிமர் பத்திரமாக இருக்கிறது.

இரண்டுமே ஊறினால் க்யூரிங்கை (பூச்சைச் சூட்டில் துணியில் பதிய வைப்பதை) சந்தேகப்படுங்கள். ஸ்டென்டர் (துணியை விரித்துச் சூடாக்கும் மெஷின்) மீட்டர் 160 டிகிரி காட்டும்; ஆனால் ஈரம் போகும்வரை துணி 100-ஐத் தாண்டாது. டெம்பரேச்சர் ஸ்ட்ரிப் ஒட்டி, துணியே 160-ல் ஒரு நிமிடமாவது நிற்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் பாத்தில் (கெமிக்கல் கரைசலில்) பிளாக்டு ஐசோசயனேட் (பூச்சைத் துணியோடு இறுக்கிப் பிணைப்பது) லிட்டருக்கு 10 கிராம் சேர்த்து ஒரு சாம்பிள் ஓட்டலாம். பேடிங்குக்கு (துணியைக் கரைசலில் முக்கிப் பிழிவதற்கு) முன் ஹைட்ரோஃபிலிக், அதாவது தண்ணீரை இழுக்கும், சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம்.

சரக்கு ஐரோப்பாவுக்கா? அங்கே 2026 அக்டோபர் முதல் பொதுமக்கள் அணியும் உடைகளுக்கு பிஎஃப்எச்எக்ஸ்ஏ (PFHxA, சி6 கெமிக்கலோடு தொடர்புடைய ஃபுளோரின் அமிலம்) கட்டுப்பாடு வருகிறது. சி6 அதில் மாட்டும், ஆர்டர் எடுக்கும் முன்பே பையரிடம் பேசிவிடுங்கள்.