ஆகஸ்டில் அடகு, ஆவணியில் பெயிண்ட், பங்குனியில் உரிந்துபோகும் தட்டட்டி

கேள்வி: செங்கோட்டையில் 900 சதுர அடி கான்கிரீட் வீடு, கட்டி 24 வருடம். மழைக்கு ஒழுகுகிறது. 2021 ஆகஸ்டில் ஆறு பவுனை 12 சதவீத வட்டிக்கு வைத்து, 45,000 ரூபாய்க்குத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தோம். பத்து வருட கேரண்டி என்றார்கள், பங்குனிக்குள் உரிந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் நகையைத் திருப்பி, தொகையைக் கூட்டி வைத்து மறுபடி அடிக்கிறோம். 2024-ல் கொழுந்தனாருக்கும் 50,000 எடுத்துக் கொடுத்தோம். கடன் 2,38,400 ஆகிவிட்டது. புனலூரில் ஃபேப்ரிகேஷன் செய்யும் அவர், 'மேலே ட்ரஸ் (இரும்புச் சட்டம்) போட்டு ஷீட் வேய்ந்துவிடலாம், ஆப்பில் 2 லட்சம் கடன், மாதம் 7,400 வீதம் 36 மாதம்' என்கிறார். அதைக் கட்ட எங்களால் முடியும். மாதம் 2,000-க்கு டிஜிட்டல் கோல்டும் வாங்குகிறேன், 46,000 சேர்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்குள் என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: ஐந்து வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பெயிண்டுக்கு 1,39,000, கொழுந்தனாருக்கு 50,000, மீதி 49,400 வட்டி. அசலில் ஒரு ரூபாய்கூட நீங்கள் கட்டவில்லை. வட்டியையும் புதுக் கடனிலேயே கழித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். 2021-ல் கிராம் 4,500-ஐ ஒட்டி இருந்த தங்கம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டதால், அதே ஆறு பவுனுக்கு வருடா வருடம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். இது உங்களுக்கு வருமானம் மாதிரி தோன்றியிருக்கிறது. 2.5 லட்சம் வரையான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2026 ஏப்ரலில் இருந்து தளர்த்தியிருப்பதால், இந்த முறையும் கூட்டித் தரத் தயாராக இருப்பார்கள். வாங்காதீர்கள்.

பெயிண்ட் உரிவதற்கும் இந்த அடகுதான் காரணம். நகை வைத்தது ஆகஸ்டில் என்பதால் தவணை முடிவதும் ஆகஸ்டில், பணம் கையில் வருவதும் ஆகஸ்டில். செங்கோட்டையில் அது சாரல் மாதம். ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரம் வந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் வெயிலைப் பார்த்துவிட்டு அடிக்கிறார்கள். மேலே காய்ந்திருக்கும், தளத்துக்குள் ஈரம் நிற்கும். பங்குனி வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி மேலே தள்ள, பெயிண்ட் கொப்புளம் கட்டி, தோல் மாதிரி கையோடு வரும். எந்த கம்பெனி டப்பாவாக இருந்தாலும் இதே கதைதான். உங்கள் ஊரில் தட்டட்டி வேலைக்கு மாசி, பங்குனியை விட்டால் வேறு காலம் கிடையாது.

ட்ரஸ் கெட்ட யோசனை அல்ல. கேரளத்தில் வீட்டுக்கு வீடு போடுகிறார்கள், துணி காயப்போடவும் ஆகும். ஆனால் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஷீட்டைத் தூக்கும். தூணின் அடித்தகட்டை நிறுத்தத் தளத்தில் துளை போடுவார்கள், சரியாக அடைக்காவிட்டால் அதுவே புது ஒழுக்கு. 7,400 வீதம் 36 மாதம் என்றால் 2,66,400. கொட்டேஷன் கொடுப்பவரும், கடனுக்கு வழி காட்டுபவரும், உங்களுக்கு 50,000 தர வேண்டியவரும் ஒரே ஆள். கோபப்பட வேண்டாம். அந்த 50,000-க்கு மாதம் 500 வட்டி ஆகிறது, அதையாவது அனுப்பச் சொல்லுங்கள். ட்ரஸ் பேச்சு பிறகு இருக்கட்டும்.

டிஜிட்டல் கோல்டு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. சொந்தத் தங்கம் 12 சதவீதத்துக்கு அடகில் கிடக்க, 3 சதவீத ஜிஎஸ்டி கட்டிப் புதுத் தங்கம் வாங்குகிறீர்கள். இது தன் கட்டுப்பாட்டுக்குள் வராத பொருள் என்று 2025 நவம்பரிலேயே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி எச்சரித்துவிட்டது. முழுவதையும் விற்றுவிடுங்கள். வருகிற 46,000-ல் இந்த வருட வட்டி 28,600 போக, 17,400-ஐ அசலில் கட்டினால் கடன் 2,21,000. புதுப்பிக்கும்போது ஒரே பொட்டலமாக வைக்காமல் நாலு பவுனுக்கு 1,53,000, இரண்டு பவுனுக்கு 68,000 என்று இரண்டு கடனாகப் பிரித்து வையுங்கள்.

இஎம்ஐ கட்ட முடியும் என்ற 7,400, தங்கத்துக்குப் போன 2,000, ஆக மாதம் 9,400. செப்டம்பர் முதல் மார்ச் வரை மாதம் 3,000 வேலைக்கு ஒதுக்கினால் 21,000 சேரும். மீதி 6,400-ம், ஏப்ரலில் இருந்து முழு 9,400-ம் கடனுக்கு. வருடத்தில் சுமார் 91,800. இரண்டு பவுன் வட்டியோடு திரும்பி, பெரிய கடனின் வட்டிக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இந்த ஐப்பசி, கார்த்திகைக்குப் பெயிண்ட் வேண்டாம். தண்ணீர் வெளியேறும் வாயில் கிடக்கும் சருகையும் மண்ணையும் வாரம் ஒருமுறை எடுங்கள். ஒழுகும் இடத்துக்கு மேல் தார்ப்பாயை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் மணல் மூட்டை வையுங்கள். மார்கழிக் குளிரில் உள்சுவரில் பூஞ்சை பூத்தால் பட்டி பார்த்து மறைக்காதீர்கள். ஈரம் உள்ளே சிறைப்பட்டுப் பூச்சையே பெயர்க்கும். கூரையின் அடியில் கம்பி துருவேறி காரை விழுந்திருந்தால் அது வேறு வேலை, முதலில் இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

அப்படி ஏதும் இல்லையென்றால், மாசியில் பாதித் தட்டட்டிக்கு மணல் மூட்டையால் வரப்பு கட்டி, ஓர் அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். 450 சதுர அடிக்கு ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். கீழே ஈரம் தெரியும் இடத்தை சாக்பீஸால் வளைத்து வையுங்கள். மறு பாதிக்கும் அப்படியே. பெரும்பாலும் கைப்பிடிச் சுவரின் மூலை, குழாய் வாய், தொட்டித் தூணடி, இந்த மூன்றில்தான் கோளாறு இருக்கும். பழைய பெயிண்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, வெடிப்பைப் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். வெறும் சிமென்ட் பால் ஊற்றினால் சுருங்கி அதே இடத்தில் மறுபடி வெடிப்பு விடும். மூலையை இரண்டு அங்குலம் உருட்டிப் பூசி, தளம் நன்றாகக் காய்ந்தபின் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் முதல் கோட், அதற்குக் குறுக்காக இரண்டாவது கோட். ஒரு கொத்தனார், ஒரு கையாள், நாலு நாள் கூலி 8,400. பொருளுக்கு 12,000 என்று வையுங்கள். கூலியில் 3,000-ஐப் பிடித்து வைத்து, கோட் காய்ந்தபின் தண்ணீரை மறுபடி 48 மணி நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.