ஓடையின் போக்கிலே நடந்து திட்டம் போடுங்கள்

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டி (படகர் ஊர்). மேலே தேயிலைத் தோட்டம், கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். போன ஐப்பசி மழையில் மேட்டில் விரிசல் விட்டது. அடுத்த மழைக்குள் ஊராகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

பதில்: முதலில் விரிசல். களிமண்ணால் இறுக அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்காதபடி தார்ப்பாய் போடுங்கள். இருபக்கமும் முளைக்குச்சி அடித்து, இடைவெளியைத் தினமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். அது கூடினால் கீழ்வீட்டுக்காரர்கள் அங்கே தங்கக் கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077, உடனே சொல்லுங்கள்.

இனி ஊர்த்திட்டம். நம் மலையில் பாறைமேல் கனத்த செம்மண் கிடக்கிறது. உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாதபோது மண் ஊறி, பிடிப்பு விட்டுச் சரிகிறது. அதனால் தண்ணீர் போகும் வழியை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (நிலங்களின் எல்லை வரைபடம்) வாங்கிக்கொண்டு, மழை தூறும் நாளில் ஓடை தொடங்கும் இடத்திலிருந்து கீழே லைன் வீடுகள் வரை நடங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். எந்த ஊற்று எப்போது கலங்கும், எந்த ஓடையை மூடி வீடு கட்டினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஓடை அடுத்த ஊராட்சிக்குள் போனால் அந்த ஊர்க்காரர்களும் கூட வரட்டும். நீங்கள் மேலே திருப்பிவிடும் தண்ணீர் அவர்கள் வீட்டு மேல்தான் இறங்கும்.

தடுப்புச்சுவர்களைத் தொட்டே பாருங்கள். தண்ணீர் கசிய துளை விடாத சுவர், பின்னால் ஊறிய மண்ணைத் தாங்காது. சமவெளியில் நல்லதென்று சொல்லும் நீர் உறிஞ்சு குழிகளை வீட்டுக்கு மேலுள்ள செங்குத்துச் சரிவில் வெட்டவே வெட்டாதீர்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கால்வாய் தூர்வார ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.

மழை அளக்க, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர் டப்பா போதும். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 10 மி.மீ. வானிலைத் துறைக் கணக்கில் ஒரே நாளில் 116 மி.மீ. பெய்தால் மிகக் கனமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. நாலைந்து நாள் விடாமல் ஊறிய மண்மேல் ஒரே நாளில் 100 மி.மீ. தாண்டினாலே வீட்டை விட்டுக் கிளம்புங்கள் என்பது என் கருத்து. ஊற்று திடீரென்று கலங்கினாலோ, ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைந்தாலோ, மரமோ கம்பமோ சாய்ந்தாலோ மழை அளவுகூடப் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மழையிலும் மண்சரிவிலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இருட்டில் யாரையும் கிளப்புவது கடினம், அதனால் பொழுது சாயும் முன்பே போய்விட வேண்டும். நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் தூக்குவது, போய்த் தங்கும் பள்ளிக்கூடத்தின் சாவி எந்த இரண்டு பேரிடம் என்பதை இப்போதே எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள்.