தட்டையான தலைக்கு ஆஸ்டியோபதி: போகலாமா?

மூன்று மாதப் பையனுக்கு வலது பின்னந்தலை தட்டையாகிவிட்டது, லண்டனில் ஆஸ்டியோபதி நிபுணர் (கையால் அழுத்தி, அசைத்துச் சிகிச்சை செய்பவர்) ஆறு முறை வரச் சொல்கிறார், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம் சகோதரி. அந்தச் சிகிச்சை மண்டை வடிவத்தைத் திருத்தும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

முதலில் கழுத்தைக் கவனியுங்கள். எப்போதும் வலது பக்கமே திரும்புகிறானா? கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதற்குப் பிசியோதெரபி நன்றாகவே உதவும், ஜிபியிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) கேளுங்கள். மண்டை எலும்புகள் சேரும் இணைப்பில் மேடு தட்டுப்பட்டால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து குப்புறப் போடுங்கள். என் மகள் தரையில் போட்டால் அழுவாள், அதனால் நெஞ்சின்மேல் போட்டுத்தான் பழக்கினேன். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான், தலையணையே வேண்டாம். அப்புறம், பாட்டிமார் சொன்னாலும் எண்ணெய் தடவித் தலையை அமுக்கி உருவாதீர்கள். உட்காரத் தொடங்கினால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவரும்.