ஹாலிவுட் இயக்குநர் ஆபிரகாம் போலன்ஸ்கி 1948-க்குப் பிறகு அடுத்த படத்தை இயக்க ஏன் 21 வருடம் ஆனது?

காரணம் கறுப்புப் பட்டியல்தான்: கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்ட கலைஞர்களுக்கு ஹாலிவுட் வேலை தர மறுத்த பட்டியல். சட்டம் படித்த போலன்ஸ்கி, ‘பாடி அண்ட் சோல்’ (1947) திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். மறுவருடமே ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ மூலம் இயக்குநரானார். சூதாட்டக் கும்பலின் வக்கீலைப் பற்றிய கதை. கடைசியில், வக்கீலாக நடித்த ஜான் கார்ஃபீல்ட், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குக் கீழே, அண்ணனின் உடலைத் தேடிப் படி படியாக இறங்கிக்கொண்டே இருப்பார். முதல் படத்திலேயே இப்படி ஒரு காட்சியை எடுத்தவர் அவர்!

1951-இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை அழைத்தது. சக கலைஞர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். ஸ்டூடியோக்கள் கதவைச் சாத்தின. ஆனாலும் எழுத்தை விடவில்லை. ‘யூ ஆர் தேர்’ தொலைக்காட்சித் தொடருக்குப் பிறர் பெயரில் எழுதினார். ‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’ (1959) திரைக்கதை ஜான் ஆலிவர் கில்லன்ஸ் பெயரில் வந்தது. எழுத்தாளர் சங்கம் போலன்ஸ்கி பெயரை அதில் சேர்த்தது 1990-களில்தான். எவ்வளவு பெரிய அநியாயம்!

1969-இல் ‘டெல் தெம் வில்லி பாய் இஸ் ஹியர்’ வந்தபோது அவருக்கு வயது 59. அதன்பின் இயக்கியது இன்னும் ஒரே படம். என்னைக் கேட்டால், முதலில் 1948 படத்தைப் பாருங்கள். 80 நிமிடம்கூட ஓடாது.