மார்பகக் குறைப்பு ஆபரேஷன்: வார்டு சிஸ்டரிடம் கேட்டவை

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். மார்பகக் குறைப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் சர்ஜன்தான்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 34 வயது, இரண்டு குழந்தைகள். கழுத்தும் தோள்பட்டையும் விடாமல் வலிக்கின்றன. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்தார். வெயில் காலத்தில் மார்புக்கு அடியில் புண்ணாகிவிடுகிறது. மாமியார் “அழகுக்காக யாராவது கத்தி வைத்துக்கொள்வார்களா” என்கிறார். தேவையில்லாததற்கு ஆசைப்படுகிறேனா?

இல்லவே இல்லை. இந்த ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் தோளைப் பார்த்தால் பிரா பட்டை அழுத்திய இடத்தில் விரல் உட்காரும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். வியர்வைப் புண்ணுக்காக மார்புக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வருவார்கள். கேட்டால் “இது பழகிப்போச்சு சிஸ்டர்” என்பார்கள். ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த திசுவை இரண்டு பக்கமும் தனித்தனியாக எடை போட்டு எழுதுவோம். ஒரு பக்கத்துக்கு அரைக் கிலோ என்பது சர்வசாதாரணம். அதை இரவும் பகலும் கழுத்தும் முதுகும்தானே தூக்குகின்றன? மாமியாரிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. வலிக்கு மார்பகம்தான் காரணமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சரியான அளவு பிரா, கொஞ்ச நாள் பிசியோதெரபி, இரண்டையும் முயன்று பாருங்கள். வலி எப்போது வருகிறது, எந்த வேலையை நிறுத்த வைக்கிறது, புண்ணுக்கு என்ன மருந்து போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சர்ஜனிடம் போய் “சின்னதாக்குங்கள்” என்று மட்டும் சொல்வதைவிட அந்த நோட்டு நன்றாகப் பேசும். பால் கொடுத்து நிறுத்தி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் படிக்கிறேன், 19 வயது. அம்மா “கல்யாணமாகி குழந்தை பிறந்த அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லைம்மா. மார்பக வளர்ச்சி நின்றுவிட்டதா, ஒரு வருடமாக அளவு மாறாமல் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அம்மாவின் கவலையிலும் நியாயம் உண்டு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகும் நிறையப் பேர் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். சிலருக்குக் குறைவாகச் சுரக்கும், சிலருக்கு வராமலே போகலாம். அதனால் சர்ஜனிடம் இதைக் கேள்: “காம்பை அடியில் இருக்கும் திசுவோடு சேர்த்தே மேலே நகர்த்துவீர்களா, தனியாக எடுத்து ஒட்டுவீர்களா?” சேர்த்தே நகர்த்துவதுதான் வழக்கம். மிகப் பெரிய மார்பகம் என்றால் சில சமயம் தனியாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் பால் கொடுக்க முடியாது, உணர்ச்சியும் பெரும்பாலும் போய்விடும். கர்ப்பத்தில் மார்பகம் மறுபடி பெருக்கவும் செய்யலாம்.

ஓரிரு வருடத்தில் குழந்தை என்ற திட்டம் இருந்தால் தள்ளிப்போடுவது நல்லது. இன்னும் வராத ஒரு கல்யாணத்துக்காகப் பத்து வருடம் வலியோடு இருக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அவர் காதால் கேட்டாலே பாதி பயம் போய்விடும்.

கேள்வி: எடையைக் குறைத்தாலே போதும் என்கிறார்களே?

சிலருக்குக் கொஞ்சம் குறையும். மார்பகத்தில் கொழுப்பைவிடச் சுரப்பித் திசு அதிகமாக இருப்பவர்களுக்கு அவ்வளவாகக் குறையாது. எப்படியும் எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு செய்வதே நல்லது. உடல் பருமன் அதிகம் என்றால் புண் ஆறுவதும் தாமதமாகும்.

கேள்வி: இன்ஷூரன்ஸ் கிடைக்குமா மேடம்?

நம் நாட்டு பாலிசிகளில் அழகுக்கான சிகிச்சைக்குப் பணம் இல்லை என்ற விதி இருக்கும். விலக்குப் பட்டியலில் 08 என்ற எண்ணில் தேடுங்கள். உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்க இது தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று கொடுத்தால் இந்த விதி பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கும். இருந்தாலும் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வலிக்கும் தோல் புண்ணுக்கும் பார்த்த பழைய சீட்டுகளைச் சேர்த்து, ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் காட்டலாம். சென்னையில் ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் அந்தத் துறை இருக்கிறது.

தனியாரில் பார்ப்பதானால் டாக்டரின் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. (இப்போதைய பெயர் DrNB) பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அழகு கிளினிக் போர்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி: வயது 48, சுகர் இருக்கிறது. ஆபரேஷனுக்கு எப்படித் தயாராவது?

முதலில் மூன்று மாதச் சராசரி சுகரைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். அது ஏறிக் கிடந்தால் தேதியே தள்ளிப்போகும். ஹீமோகுளோபினையும் பாருங்கள், நம் பெண்களுக்கு ரத்தசோகை அதிகம். 40 தாண்டியவர்களுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பார்கள், தவிர்க்காதீர்கள். ஆபரேஷனில் எடுத்த திசுவும் பரிசோதனைக்குப் போகும்.

சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின், ப்ரூஃபென் வகை வலி மாத்திரை, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தானாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டர் சொல்லட்டும். ஹார்மோன் மாத்திரை, சித்த மருந்து, லேகியம் எதையும் மறைக்க வேண்டாம்.

கேள்வி: மனைவிக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி. மேல் அலமாரியில் இருக்கும் அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். சில வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், குக்கர், சிலிண்டர், குழந்தை எதையும் அவர் தூக்கக் கூடாது. தலைக்கு மேல் கையைத் தூக்க முடியாததால் தலை வாரிவிடவும் ஆள் வேண்டும். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியே படுக்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று தலையணை எடுத்து வையுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியும், கம்பி இல்லாத, முன்னால் திறக்கும் பிராவும் இப்போதே வாங்கிவிடுங்கள். அந்த பிராவை நாலிலிருந்து ஆறு வாரம் இரவிலும் போட்டிருக்கச் சொல்வார்கள்.

சிகரெட் பழக்கம் இருந்தால் வீட்டில் பிடிக்காதீர்கள். அந்தப் புகை காம்புக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

கேள்வி: தழும்பு தெரியுமா?

தெரியும். காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, பெரும்பாலும் மார்பின் அடி மடிப்பிலும் இருக்கும். முதல் சில மாதம் சிவந்து தடிப்பாக இருந்து, ஒன்று ஒன்றரை வருடத்தில் மங்கும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கீழே தையல்கள் சந்திக்கும் முனையில் கொஞ்சம் பிரிந்து புண்ணாவது அடிக்கடி நடப்பதுதான். டிரஸ்ஸிங் போட்டால் ஆறிவிடும், அதற்குப் பயந்து அழ வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுவது, காம்பு நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, காய்ச்சலோடு சீழ் வருவது. இவற்றில் எது வந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் வார்டுக்கு போன் செய்யுங்கள். ஒரு காலின் கெண்டைச் சதையில் வலியும் வீக்கமும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ போன்கூட வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தூங்குகிற டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விடியும் வரை காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே வார்டு நம்பரை வாங்கி வீட்டில் இருக்கும் எல்லோர் போனிலும் ஏற்றிவிடுங்கள்.