கம்யூனிட்டி காலேஜ்: கலிபோர்னியா பெற்றோரின் கேள்விகள்

மகனுக்கு பெர்க்லி கிடைக்கவில்லை. கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறேன் என்கிறான். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? (ஃப்ரீமான்ட் வாசகி)

நல்ல யோசனையோடுதான் வந்திருக்கிறான் என்று சொல்லுங்கள். கம்யூனிட்டி காலேஜ் என்பது பெரும்பாலும் இரண்டு வருடம் படிக்கும் அரசுக் கல்லூரி. பாடங்களை அளக்கும் யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருடத்துக்கு 60 யூனிட் என்றால் 2,760 டாலர். யூசி-யில், அதாவது பெர்க்லியும் சேர்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஒரு வருடக் கட்டணமே 14 ஆயிரத்துக்கு மேல். மூன்றாம் ஆண்டில் மாறிக்கொண்டால் பட்டத்தில் யூசி பெயர்தான் இருக்கும். மாற்றலில் வருபவர்களை எடுக்கும்போது பெர்க்லியும் இந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை தருகிறது. தலைகுனிய இதில் ஒன்றுமில்லை.

'டேக்' என்ற மாற்றல் உறுதித் திட்டத்தில் விண்ணப்பம் போட்டால் சீட் உறுதியா?

டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றுக்கு, செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்கலாம். கேட்கும் ஜிபிஏ-வும் (மதிப்பெண் சராசரி) பாடங்களும் இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதில் சேரவில்லை. கணினி அறிவியல், பொறியியல் போன்ற துறைகளுக்குச் சில வளாகங்கள் இந்த உறுதியைத் தருவதில்லை, முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், முதல் வாரத்திலேயே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் 'அசிஸ்ட்' இணையதளத்தைத் திறப்பது. இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். சில வரிகளில் ஈடான பாடம் இல்லை என்றே இருக்கும். அதைப் பக்கத்துக் கல்லூரியில் எடுக்க வேண்டியிருக்கலாம். அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு கவுன்சிலரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் மூன்றாக நீண்டுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கணக்கில்தான் பிசகு: முதல் கால்குலஸைத் தள்ளிப்போட்டால் பொறியியலுக்கான இயற்பியலும் கூடவே தள்ளிப்போகும். நன்றாகப் படிக்கிற பிள்ளை வரிசை தெரியாமல் ஒரு வருடத்தை இழப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

மகள் பதினோராம் வகுப்பு. இப்போதே ஒரு பாடம் எடுக்கலாமா?

எடுக்கலாம், பள்ளியின் ஒப்புதல் வேண்டும். பெரும்பாலான இடங்களில் பாடக் கட்டணமும் கிடையாது. ஆனால் அந்த கிரேடு கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். அவளுக்குப் பிடித்த பாடமாக ஒன்று போதும்.

நான் துணைவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறேன், வயது 44. எனக்கு இடம் உண்டா?

தாராளமாக. கலிபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்ததைக் காட்டினால் உள்மாநிலக் கட்டணம்தான். ஆங்கிலப் பேச்சில் தயக்கம் என்றால் பட்டத்துக்குக் கணக்கில் சேராத (கிரெடிட் இல்லாத) இஎஸ்எல் எனும் ஆங்கில வகுப்புகளில் கட்டணமே இல்லை. அங்கே தொடங்குங்கள், அப்புறம் கணக்குப் பதிவியலோ நர்சிங்குக்கான முன்பாடங்களோ பார்த்துக்கொள்ளலாம். மாலை வகுப்பும் உண்டு.