கமாண்ட் அடிக்கிற திரையான டெர்மினல், அதுல ஓடற டெக்ஸ்ட் எடிட்டரான விம், இதுல சந்தேகமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, கிட்ல (கோட் மாற்றங்கள பதிஞ்சு வைக்கிற டூல்) கமிட், அதாவது மாற்றத்த பதியற கமாண்ட், குடுத்தா விம் தானா திறந்துக்குது, வெளிய வரவே தெரியல. ஒவ்வொரு தடவையும் விண்டோவயே மூடிடுறேன்.

பதில்: மூடாதீங்க தம்பி. முதல்ல எஸ்கேப் தட்டுங்க, எந்த மோட்ல மாட்டியிருந்தாலும் நார்மல் மோடுக்கு, அதாவது அடிக்கிற கீ எழுத்தா விழாம கமாண்டா போற நிலைக்கு, வந்துடுவீங்க. அப்புறம் கோலன், டபிள்யூ, க்யூ, என்டர், அவ்ளோதான், சேவ் ஆகி வெளிய வந்துடும். சேவ் வேணாம்னா கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். புது கமிட்டுக்கு மெசேஜே எழுதாம வெளிய வந்தா கிட் அந்த கமிட்ட போடாது, அதனால தப்பா திறந்துட்டோமேன்னு பதற வேணாம்.

கேள்வி: நானும் அப்படித்தான் மூடினேன், இப்ப அதே ஃபைல திறந்தா ஸ்வாப் ஃபைல் இருக்குன்னு பெரிய எச்சரிக்கை வருது. எழுதினதெல்லாம் போச்சா?

பதில்: போகல. நீங்க 200 எழுத்து அடிச்சதும், இல்ல 4 செகண்ட் சும்மா இருந்தாலும், விம் ஸ்வாப் ஃபைல்ங்கற தற்காலிக ஃபைல்ல எழுதி வச்சிடும், அதனால போனாலும் கடைசி ஒரு வரி ரெண்டு வரிதான். ஆனா ஒண்ணு, அதே ஃபைல் இன்னொரு விண்டோல இன்னும் திறந்திருக்கான்னு முதல்ல பாருங்க, திறந்திருந்தா இங்க க்யூ அடிச்சு வெளிய வந்து அங்க போய் வேலைய தொடருங்க. இல்லன்னா ஆர் அடிங்க, மீட்டுக் குடுக்கும். மீட்டத உடனே பழசு மேல சேவ் பண்ணாம வேற பேர்ல சேவ் பண்ணி, டிஃப் போட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, பல பேர் இதத்தான் செய்யாம விட்டுடுறாங்க. எல்லாம் சரியா இருந்தா ஸ்வாப் ஃபைல நீங்களே அழிச்சிடுங்க, இல்லன்னா திறக்கிறப்பல்லாம் அந்த எச்சரிக்கை வந்துட்டே இருக்கும்.

கேள்வி: கன்ட்ரோல் எஸ் அடிச்சேன், டெர்மினலே உறைஞ்சு போச்சு.

பதில்: கன்ட்ரோல் க்யூ அடிங்க, உயிர் வந்துடும். பழைய டெர்மினல் காலத்துல திரைக்கு வர்றத நிறுத்தி வைக்க வச்ச கீ அது, சேவுக்கு இல்ல.

கேள்வி: ஆரோ கீ இருக்கறப்போ விம்ல கர்சர நகர்த்த ஹெச், ஜே, கே, எல் எதுக்கு சார்?

பதில்: 1976ல பில் ஜாய்ங்கற ப்ரோகிராமர் விம்முக்கு முன்னோடியான வீ-ஐ எடிட்டர எழுதினப்போ அவர்கிட்ட இருந்தது ஏடிஎம்-3ஏ டெர்மினல், அதுல அம்புக்குறியே அந்த நாலு எழுத்து மேலதான் அச்சடிச்சிருக்கும், தனி ஆரோ கீ கிடையாது. எஸ்கேப் கீயும் இப்ப டேப் இருக்கற இடத்துல, விரலுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அந்த கீபோர்ட ஒரு தடவை பாத்துட்டா விம்மோட பாதி வழக்கம் ஏன்னு புரிஞ்சிடும், எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது.

கேள்வி: சர்வர்ல எடிட் பண்றப்போ நெட் கட்டாகுது ப்ரோ.

பதில்: டெர்மினல் வேலைய சர்வர்ல விடாம ஓட வைக்கிற டிமக்ஸ்ங்கற டூல போட்டு அதுக்குள்ள விம் திறங்க. நெட் போனாலும் சர்வர்ல அது ஓடிட்டே இருக்கும், திரும்ப லாகின் பண்ணி டிமக்ஸ் அட்டாச் குடுத்தா விட்ட வரியிலயே கர்சர் நிக்கும்.

கேள்வி: பத்து நிமிஷம் முன்னாடி இருந்த மாதிரி ஃபைல் வேணும், யூ (அன்டூ) அடிச்சு அடிச்சு கை வலிக்குது.

பதில்: கோலன் போட்டு இயர்லியர்னு அடிச்சு, இடம் விட்டு 10, ஒட்டி எம், என்டர். ரொம்ப பின்னாடி போயிட்டா லேட்டர்னு அதே மாதிரி. இது ஃபைல மூடாம வச்சிருந்தாதான் நடக்கும், மூடினப்புறமும் வேணும்னா உங்க விம்ஆர்சில (விம்மோட செட்டிங்ஸ் ஃபைல்) செட் அன்டூஃபைல்னு ஒரு வரி இன்னிக்கே சேத்துடுங்க.